வரியில்லாச் சேமிப்பின் வரம்பை யார் எண்ணுவது?

(ஸ்காபரோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடை இது. இந்த ஆண்டு ஒரு சேமிப்புக் கணக்கைப் பற்றிப் பேச முடியுமா என்று அறங்காவலர்கள் கேட்டார்கள். கேள்வி நேரத்தில் 'எந்தப் பங்கை வாங்கலாம்' என்று யாரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். முன்வரிசையில் இரண்டு மூன்று முகங்கள் வாடுவது இங்கிருந்தே தெரிகிறது.

பேசப்போவது ரி.எஃப்.எஸ்.ஏ. என்று நாம் எல்லோரும் சொல்லும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கைப் பற்றி. அதிலும் ஒரு மூலையை மட்டும்தான் தொடப்போகிறேன். அந்தக் கணக்கில் ஒருவர் எவ்வளவு போடலாம் என்பதை யார் எண்ணுகிறார்கள், எண்ணியதை யார் யாருக்கு அறிவிக்கிறார்கள், எண்ணிக்கை தவறினால் என்ன நடக்கிறது?

எண்ணும் பொறுப்பு முழுவதையும் சட்டம் சேமிப்பவர் தலையில் வைத்திருக்கிறது. எண்ணுவதற்கு வேண்டிய விவரங்களோ வங்கிகளிடமும் அரசிடமும் இருக்கின்றன. தவறு நடந்த செய்தி எல்லோருக்கும் கடைசியாகத்தான் அவருக்கு வந்து சேர்கிறது. அது வந்து சேரும்வரை கழிந்த மாதங்களுக்கும் சேர்த்தே வரி விழுகிறது. இது சரியான ஏற்பாடு அல்ல என்பது என் கட்சி. ஏன் என்று விளக்கத்தான் இந்த ஒரு மணி நேரம்.

முதலில் கணக்கின் பிறப்பு. 2008 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹெர்ட்டி இதை அறிவித்தார். 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் வதியும், சமூகக் காப்புறுதி இலக்கம் உள்ள, 18 வயதான எவரும் திறக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா, நோவா ஸ்கோஷியா போல 19 வயதில் முழுவயது வரும் மாகாணங்களில் கணக்குத் திறக்க 19 ஆக வேண்டும். ஆனாலும் 18-ஆம் வயதின் வரம்பு வீணாவதில்லை. போடும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. உள்ளே அது வளர்வதற்கும் வெளியே எடுப்பதற்கும் வரி கிடையாது.

ஆண்டு வரம்பு 2009-இல் 5,000 டொலர். 2013-இல் 5,500. 2015-இல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு அதை ஒரே தாவலில் 10,000 ஆக்கியது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, ட்ரூடோ அரசு 2016-இல் மறுபடி 5,500-க்கு இறக்கியது. 2019 முதல் 6,000, 2023-இல் 6,500, 2024, 2025, 2026 மூன்று ஆண்டுகளும் 7,000. விலைவாசி உயர்வைத் தொடர்ந்து ஏறும் இந்தத் தொகையை 500 டொலருக்கு முழுமையாக்குவதால்தான் அது ஆண்டுதோறும் நகராமல், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு படி தாவுகிறது. 2009-இலேயே 18 வயதைக் கடந்து, அன்று முதல் இங்கேயே வதியும் ஒருவருக்கு இன்று மொத்தம் 109,000 டொலர்.

இந்த 109,000 என்ற எண் நம் சமூகத்தில் வாய்வழியாகப் பரவிவிட்டது. கலியாண வீட்டில், கோயில் மடப்பள்ளிக்கு வெளியே, வாட்சப் குழுவில் எல்லாம் அது வருகிறது. கேட்பவர் 2019-இல் வந்து இறங்கியவராக இருப்பார். அவருடைய வரம்பு, வதிவாளரான ஆண்டிலிருந்துதான் தொடங்கும். டிசம்பரில் வந்திறங்கினாலும் அந்த ஆண்டின் முழு வரம்பும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வராத ஆண்டுகளுக்கு எதுவும் கிடையாது. கூட்டிப் பாருங்கள்: அவருக்கு 51,500 டொலர்தான். அண்ணன் சொன்னார் என்று 109,000 வரை போனால் 57,500 டொலர் மிகை. பின்னால் விளக்கப்போகும் கணக்கின்படி அதற்கு மாதம் 575 டொலர் வரி.

பிரித்தானியாவிலும் இதே போன்ற ஒரு கணக்கு உண்டு, ஐ.எஸ்.ஏ. என்பார்கள். அங்கே 2017 முதல் ஆண்டுக்கு 20,000 பவுண்ட் வரம்பு. அந்த ஆண்டில் போடாவிட்டால் அந்த ஆண்டின் வரம்பு போயிற்று. இரக்கமில்லாத விதிதான், ஆனால் எண்ணுவது எளிது. எல்லோருக்கும் ஒரே எண், ஆண்டுதோறும் பூச்சியத்திலிருந்து. கனடா தாராளமாக நடந்துகொண்டது. போடாத வரம்பு காலவரையின்றி அடுத்தடுத்த ஆண்டுக்குப் போகும். எடுத்த பணமும் அடுத்த ஜனவரி 1 அன்று வரம்பாகத் திரும்பி வரும். இந்தத் தாராளத்தால்தான் இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருடைய வரம்பும் ஒவ்வோர் எண். அதை அறிய வேண்டுமானால் அவர் வந்த ஆண்டு, பிறந்த ஆண்டு, எல்லா வங்கிகளிலும் 2009 முதல் போட்டது, எடுத்தது, எடுத்த ஆண்டு எல்லாம் தெரிய வேண்டும்.

இதை எண்ணுவது யார்? வங்கிக் கிளையில் போய் 20,000 டொலர் போடுகிறீர்கள். முகப்பில் இருக்கும் பிள்ளை, 'உங்களுக்கு இடம் இருக்கிறதா' என்று கேட்கலாம், கேட்காமலும் விடலாம். நீங்கள் என்ன சொன்னாலும் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. வேறு வங்கிகளில் உங்களுக்கு என்ன கணக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வரம்பு கணக்குக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. வங்கிக்குத் தெரிவது கணக்கு மட்டும். சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் இரண்டு தரம் காசு கொடுத்தால் அன்றைக்கு இரவே கொப்பியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். நாட்டின் மிகப் பெரிய வங்கிகளால் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது.

வங்கி செய்வது வேறு. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முடிவுக்குள், முந்தைய ஆண்டுக்கான விவரத் தாக்கலை மின்கோப்பாகக் கனடா வருவாய் முகமைக்கு, அதாவது சி.ஆர்.ஏ.க்கு அனுப்புகிறது. உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம், பிறந்த திகதி, அந்த ஆண்டில் போட்டது, எடுத்தது, ஆண்டு முடிவில் இருந்த மதிப்பு எல்லாம் அதில் போகும். எல்லா வங்கிகளிடமிருந்தும் வந்தவற்றை முகமையின் கணினி உங்கள் இலக்கத்தின் கீழ் ஒன்றாகச் சேர்க்கிறது. முழுப் படமும் முதன்முதலாக ஓரிடத்தில் தெரிவது அப்போதுதான். ஜனவரியில் நீங்கள் போட்ட பணம் சி.ஆர்.ஏ.யின் கண்ணில் படப் பதின்மூன்று, பதினான்கு மாதம் ஆகலாம்.

அந்தத் தாக்கலின் பிரதி உங்களுக்கு வருகிறதா? ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட்டால் பற்றுச்சீட்டு வரும். அடுத்த ஆண்டின் வரம்பு உங்கள் வரி மதிப்பீட்டு அறிவித்தலில் அச்சாகி வரும். வங்கி வட்டிக்குத் துண்டு வரும். அமெரிக்காவில் ஓய்வூதியக் கணக்கில் போட்டவருக்கு, வருமான வரித்துறைக்குப் போகும் படிவத்தின் ஒரு பிரதி போகும். ரி.எஃப்.எஸ்.ஏ.க்கு அப்படி ஒரு துண்டு கிடையாது. உங்கள் ஆண்டு வருமான வரிப் படிவத்தில் இந்தக் கணக்குக்கென்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் கணக்காளர் உங்களுக்கு ரி.எஃப்.எஸ்.ஏ. இருப்பதை அறியாமலே இருபது வருடம் உங்கள் வரியைச் செய்து தரலாம்.

'இணையத்தில் எண் இருக்கிறதே' என்பீர்கள். உண்டு. சி.ஆர்.ஏ.யின் 'மை அக்கவுண்ட்' பக்கத்தில் இவ்வாண்டு ஜனவரி 1 அன்று உங்களுக்கு எவ்வளவு இடம் என்று ஓர் எண் தெரியும். இந்தச் சொற்பொழிவில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால், இனிச் சொல்வதை வையுங்கள்.

ஒருவருக்கு 2025 தொடக்கத்தில் 20,000 டொலர் இடம். ஜூலையில் 15,000 போட்டார். அப்படியானால் 2026 ஜனவரி 1 அன்று அவருக்கு உண்மையில் உள்ள இடம் மீதி 5,000, புது வரம்பு 7,000, மொத்தம் 12,000. அவர் ஜனவரி 10 அன்று பக்கத்தைத் திறக்கிறார். ஜூலையில் போட்ட 15,000 இன்னும் முகமைக்கு வந்து சேரவில்லை. வங்கிக்குப் பெப்ரவரி முடிவு வரை அவகாசம் உண்டு. ஆகவே திரை 27,000 என்று காட்டக்கூடும். அரசே காட்டும் எண் என்ற நம்பிக்கையோடு அவர் 27,000 போடுகிறார். அந்தக் கணமே 15,000 மிகை. மாதத்துக்கு 150 டொலர். 2026 முழுவதும் எடுக்காமல் விட்டால் 1,800 டொலர். இதைச் சொல்லும் கடிதம் 2027 வசந்தத்துக்கு முன் வர வாய்ப்பில்லை. அதற்குள் அடுத்த ஆண்டும் பிறந்து, புது வரம்பு மிகையில் ஒரு பகுதியை விழுங்கியது போக மீதிக்கு வரி ஓடிக்கொண்டிருக்கும்.

திரையில் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இது நீங்கள் வைத்திருக்கும் குறிப்புக்கு மாற்றல்ல என்கிறார்கள். அரசு ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, நம்பாதே என்று சிறிய எழுத்தில் சொன்னால், சாதாரண மனிதன் பெரிய எழுத்தைத்தான் வாசிப்பான்.

வரியின் கணக்கு முறைக்கு வருவோம். மிகைத் தொகைக்கு மாதம் 1 சதவீதம். சிறிதாகத் தோன்றும், ஆண்டுக்கு 12 சதவீதம், எந்தச் சேமிப்புக் கணக்கு அவ்வளவு வட்டி தருகிறது? மாதத்தில் ஏதேனும் ஒரு நேரத்தில் இருந்த மிக உயர்ந்த மிகையின் மீது இந்த வரி விழும். ஜனவரி 31 அன்று தவறுதலாகப் போட்டு, பெப்ரவரி 1 அன்று கண்டுபிடித்து எடுத்தாலும் இரண்டு மாத வரி. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 2,000 டொலர் வரை தவறினால் வரி இல்லை என்று ஒரு சிறு இடைவெளி விட்டிருக்கிறார்கள். இங்கே அதுவும் கிடையாது. ஒரு டொலர் கூடினாலும் மிகைதான்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது பணம் எடுத்து மறுபடி போடுவது. எடுத்த பணத்துக்கான இடம் அடுத்த ஜனவரியில்தான் திரும்பும். எடுத்த அன்றே அல்ல. வரம்பு முழுவதும் போட்டுவிட்ட ஒருவர் ஜூனில் 3,000 எடுத்து, செப்டம்பரில் 2,000 திருப்பிப் போட்டால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதம், மாதம் 20 டொலர், மொத்தம் 80 டொலர். 80 டொலருக்கா இத்தனை பேச்சு என்று நினைக்காதீர்கள். இதே விதியின் பெரிய வடிவத்தைப் பாருங்கள்.

வரம்பு முழுவதும் போட்டுவிட்டு ஒரு வங்கியில் 80,000 டொலர் வைத்திருக்கிறார் ஒருவர். எதிர்ப்பக்கத்து வங்கி அரை சதவீதம் கூடுதல் வட்டி தருவதாகப் பெரிய பலகை வைத்திருக்கிறது. பெப்ரவரியில் காசோலையாக எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து அங்கே ரி.எஃப்.எஸ்.ஏ.யில் போடுகிறார். அவர் மனதில் பணம் இடம் மாறியது, அவ்வளவே. சட்டத்தின் கண்ணில் 80,000 வெளியே வந்தது, புதிதாக 80,000 உள்ளே போனது. டிசம்பர் வரை பதினொரு மாதம், மாதம் 800, ஆக 8,800 டொலர் வரி. கூடுதல் வட்டி ஆண்டுக்கு 400 டொலர். செய்திருக்க வேண்டியது, புதிய வங்கியில் மாற்றல் படிவத்தில் கையொப்பமிட்டு, இரு வங்கிகளும் தமக்குள் நேரடியாக மாற்றிக்கொள்ள விடுவது. அதற்கு மாற்றல் கட்டணம் அறவிடும் வங்கிகளும் உண்டு. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் பலர் காசோலையைக் கையில் வாங்குகிறார்கள். வங்கி மாற்ற விரும்பினால் அந்தப் படிவத்தைக் கேளுங்கள், அல்லது டிசம்பர் முடிவில் எடுத்து ஜனவரியில் போடுங்கள்.

நட்டம் வந்தால் இன்னும் மோசம். வரம்புக்கு மேல் 10,000 போட்டு அதில் பங்கு வாங்கினார். பங்கு விழுந்து 2,000 ஆகிவிட்டது. மிகை இன்னும் 10,000தான். உள்ளே ஏறினாலும் இறங்கினாலும் வரம்புக்குச் சம்பந்தமில்லை. போட்டதும் எடுத்ததும்தான் கணக்கு. இருக்கும் 2,000-ஐ எடுத்தால் 8,000 மிகை எஞ்சும், இல்லாத பணத்துக்கு மாதம் 80 டொலர். ஆண்டு மாறிப் புது வரம்பு வந்து மூடும்வரை அது ஓடும்.

நடைமுறைப்படுத்தலின் வரலாறு ஒரு தடுமாற்றத்தோடு தொடங்கியது. முதல் ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபின், 2010 கோடையில் சுமார் 70,000 பேருக்கு முகமை கடிதம் அனுப்பியது. பலர் செய்தது ஒன்றே: எடுத்து, அதே ஆண்டில் திருப்பிப் போட்டது. பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், விதியைத் தவறாக விளங்கிக்கொண்டவர்களுக்கு அந்த முறை வரியைத் தள்ளுபடி செய்தார்கள். அப்போது விதியை மாற்றியிருக்கலாம். விளக்கக் குறிப்புகளை விரிவாக்கியதோடு நின்றுகொண்டார்கள்.

இப்போது நடப்பது: பெப்ரவரி விவரம் சேர்ந்தபின் மிகை தெரிந்தால், முதல் முறை பொதுவாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். உடனே எடுங்கள் என்று அது சொல்லும். தொடர்ந்தால், முகமையே நிரப்பிய உத்தேசத் தாக்கல் வரும். சட்டப்படி அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஆர்.சி.243 என்ற படிவத்தை நிரப்பி வரியைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். கடிதம் வரவில்லை என்பது விலக்கல்ல. பிந்தினால் வரியில் 5 சதவீதம் தண்டம், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 சதவீதம், பன்னிரண்டு மாதம் வரை. இதற்கு மேல் நாள்தோறும் கூடும் வட்டி.

கடிதம் எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். வீடு மாறியும் முகமைக்கு அறிவிக்காதவர்கள் உண்டு. மகனோ மகளோ ஒரு நாள் 'மை அக்கவுண்ட்' பதிந்து, மின்னஞ்சல் அறிவிப்பைத் தேர்ந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்றிலிருந்து தாளில் கடிதம் வராது. பெட்டி இணையத்தில் நிரம்பிக்கொண்டிருக்கும், அப்பா திறக்கவே மாட்டார்.

வரியைத் தள்ளுபடி செய்ய அமைச்சருக்கு வருமான வரிச் சட்டத்தின் 207.06-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. இரண்டு நிபந்தனைகள். தவறு நியாயமான தவறாக இருக்க வேண்டும். மிகையையும் அது ஈட்டியதையும் தாமதமின்றி எடுத்திருக்க வேண்டும். எழுத்தில் கருணையான பிரிவு. நடைமுறையில் 'நியாயமான தவறு' என்பதன் வாசல் குறுகியது. நமது வரி முறை சுயமதிப்பீட்டு முறை, விதியை அறிந்துகொள்வது வரியாளர் கடமை, ஆகவே விதி தெரியாது என்பது மட்டும் நியாயமான தவறாகாது என்ற போக்கில்தான் பெடரல் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் போயிருக்கின்றன. வங்கிக்காரர் சொன்னார் என்பதும் தனியே போதுவதில்லை. இரண்டாவது நிபந்தனையில் நாட்களை எண்ணுகிறார்கள். கடிதம் கண்டு வாரங்களில் எடுத்தவருக்குக் கதவு திறந்திருக்கும்; மாதக்கணக்கில் யோசித்தவருக்கு மூடிவிடும். பங்கு விழுந்து கணக்கே காலியானவர் எதை எடுத்து அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது என்பதைச் சட்டத்தை எழுதியவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

வரித் தொகையையே மறுப்பவர் 90 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்து, பின்பு வரி நீதிமன்றம் போக வேண்டும். தள்ளுபடி மறுக்கப்பட்டதை எதிர்ப்பவர் முகமையிடமே இரண்டாவது மீளாய்வு கேட்டு, அதுவும் தோற்றால் பெடரல் நீதிமன்றம் போக வேண்டும். ஒரே தவறு, இரண்டு பாதை, இரண்டு நீதிமன்றம். சில நூறு டொலருக்கு யாரும் அங்கே போவதில்லை, கட்டிவிடுகிறார்கள்.

வேண்டுமென்றே விதியை வளைத்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒருவர் பங்குகளைத் தமது வெவ்வேறு கணக்குகளுக்கிடையே சாதகமான விலையில் மாற்றி மாற்றி, 5,000 டொலரை ஆண்டு முடிவதற்குள் 200,000-க்கு மேல் ஆக்கினார். 2009 ஒக்ரோபரில் அரசு அந்தக் கதவை அடைத்தது. வேண்டுமென்றே வரம்பை மீறி ஈட்டியதற்கு 100 சதவீத வரி என்றும் அறிவித்தது. அவருடைய வழக்கில் 2019-இல் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் பக்கமே நின்றது. வன்கூவரில் ஒரு முதலீட்டு ஆலோசகர் 15,000 டொலரைத் தினசரி வர்த்தகத்தில் மூன்றாண்டுகளில் 617,000 ஆக்கினார். அது சேமிப்பல்ல, வியாபாரம் என்று 2023-இல் வரி நீதிமன்றம் தீர்த்தது. இவர்களைப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இவர்களுக்காகக் கூர்மையாக்கிய கத்தியின் மறுமுனை, தெருவைக் கடந்து வங்கி மாறியவர் மீதும் படுகிறது.

நமது வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதியோர் உதவிப் பணத்தோடு கூடுதல் உறுதி வருமானம் பெறும் பெற்றோருக்கு ரி.எஃப்.எஸ்.ஏ. மிகப் பொருத்தமானது, அதிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கிடப்படாது, அந்த உதவி குறையாது. அதனாலேயே பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அப்பாவுக்குக் கணக்குத் திறந்து கொடுக்கிறார்கள். மார்க்கத்தில் இருக்கும் மகன் ஒரு வங்கியில், பிரம்டனில் இருக்கும் மகள் இன்னொன்றில். அன்புதான். இருவருக்கும் மற்றவர் போட்டது தெரியாது. அப்பாவின் இலக்கம் ஒன்று, வரம்பு ஒன்று.

கணவரும் மனைவியும் கூட்டாக இந்தக் கணக்கை வைத்திருக்க முடியாது. ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் போடலாம், அதில் தடையில்லை. ஆனால் கணக்குத் திறக்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தைக் கவனிக்க வேண்டும். மனைவியை 'வாரிசுக் கணக்குதாரர்' என்று எழுதியிருந்தால், கணவர் இறந்தபின் அந்தக் கணக்கு அப்படியே மனைவியுடையதாகும். அவருடைய வரம்பில் கை வைக்காது. 'பயனாளி' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பணத்தை அவர் தன் கணக்கில் போடும்போது, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் போட வேண்டும். போட்ட 30 நாட்களுக்குள் ஆர்.சி.240 என்ற படிவத்தை முகமைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கணவர் விட்டுப்போன 60,000, 70,000 டொலரும் மனைவியின் கணக்கில் மிகையாகும். துக்க வீட்டில் யார் இந்தப் படிவத்தை நினைக்கிறார்கள்? இந்த மண்டபத்தில் இருக்கும் தம்பதியர் நாளைக்கே வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ நிரந்தரமாகப் போகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். வதிவு முடிந்தபின் கணக்கை வைத்திருக்கலாம், பணம் வளரலாம், எடுக்கலாம். போடக் கூடாது. வதிவாளரல்லாதவர் போடும் ஒவ்வொரு டொலருக்கும், வரம்பு எவ்வளவு மீதி இருந்தாலும், மாதம் 1 சதவீதம். மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்த ஏற்பாட்டை நிறுத்தாமல் விமானம் ஏறினால் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவும் கேட்டபின், சட்டம் வேறெப்படி இருக்க முடியும், உடனுக்குடன் சரிபார்ப்பது நடக்கிற காரியமா என்று அவையில் இருக்கும் வங்கி நண்பர்கள் கேட்கக்கூடும். உடனுக்குடன் முடியாது என்றே வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் இதே அரசு முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தது. அதில் போட்டவருக்கு வங்கி ஒரு துண்டு அனுப்ப வேண்டும்; வரிப் படிவத்தில் அதற்கென்று ஓர் அட்டவணை உண்டு; ஆண்டுதோறும் ஒருமுறையாவது கணக்காளரின் கண்ணில் அது படும். துண்டு அனுப்புவதும் அட்டவணை வைப்பதும் அரசுக்கும் வங்கிக்கும் தெரியாத வித்தை அல்ல. பதினான்கு ஆண்டு முன்பு பிறந்த மூத்த கணக்குக்கு அதைச் செய்ய மறுப்பதற்கு நிர்வாகச் சுமை தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. அந்தச் சுமையைத்தான் இப்போது 70 வயதுத் தாய்மார் சுமக்கிறார்கள்.

துண்டு வேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு உள்ளது போல 2,000 டொலர் இடைவெளி வேண்டும். முந்தைய ஆண்டின் விவரம் முழுவதும் வந்து சேரும்வரை அந்தத் திரையில் எண்ணே காட்டக் கூடாது. எச்சரிக்கைக் கடிதத்துக்கு முந்தைய மாதங்களுக்கு, முதல் தவறென்றால், வரி விதிக்கக் கூடாது. அந்தத் தாமதம் சேமிப்பவருடையதல்ல. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொங்கல் விழாவுக்கு வருகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். அடுத்த முறை வரும்போது இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

கடைசியாக, வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் சில வாரங்களில் உங்கள் அலுவலகங்கள் நிரம்பிவிடும். வரும் ஒவ்வொருவரிடமும் துண்டுகளை வாங்கியபின், படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றையும் கேளுங்கள்: போன வருடம் எந்த வங்கியிலாவது ரி.எஃப்.எஸ்.ஏ.யில் காசு போட்டீர்களா, எடுத்தீர்களா, யாராவது உங்கள் பெயரில் போட்டார்களா? ஒரு நிமிடம் ஆகும். பதிலைத் திகதியோடு அவர்களுடைய கோப்பின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.